பதினேழு தோல்விகளும் ஒரு விடியலும்

வெற்றி பெற்ற அணிக்கு ஊரெல்லாம் உறவு. தோற்ற அணிக்கு உண்மையன்பர் மட்டுமே துணை. விளையாட்டுலகில் எக்காலத்தும் காணப்படும் இவ்வுண்மைக்கு, நம் நாட்டுக் கிரிக்கெட் வரலாற்றில் 1959 முதல் 1968 வரை கழிந்த ஆண்டுகளைக் காட்டிலும் சிறந்த சான்று காண்பது அரிது. அக்காலத்தில் இந்திய அணி இங்கிலாந்துக்கு இருமுறையும், மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒருமுறையும், ஆஸ்திரேலியாவுக்கு ஒருமுறையும் பயணம் செய்தது. அந்நான்கு பயணங்களிலும் ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் மொத்தம் பதினேழு. பதினேழிலும் தோல்வி! வெற்றி கிட்டாவிடினும் சமநிலையிலேனும் முடித்தோம் என்று ஆறுதல் கொள்வதற்கு ஓர் ஆட்டங்கூட இல்லை.

பதினெட்டாவது பந்தயம் நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள டனீடின் நகரில் நடைபெற்றது. 1968-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள், செவ்வாய்க்கிழமையன்று, இந்தியா அங்கே வென்றது. அயல்நாட்டு மண்ணில் நம்மவர் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுவே.

அப்பயணத்தில் ஆடியவர்களின் பெருமையைப் பலர் எழுதியுள்ளனர். ஆனால் ஆடியவர் பதினைந்து பதினாறு பேர். அவர்களோடு மனத்தால் பயணம் செய்தவரோ இலட்சக்கணக்கானோர். அவர்களுள் பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் அப்பயணம் ஒரு தனிக் கேள்வியை எழுப்பிற்று. நம் ஊர் எது, நம்மவர் யார் என்பதே அக்கேள்வி. அதனை நம் ஆண்டுவிழா மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இரண்டு ஊர்களுக்கு இடையே

பெங்களூரில் 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் படை முகாம் அமைந்தது. அதனைத் தொடர்ந்து படைவீரராகவும், வணிகராகவும், கட்டிடத் தொழிலாளராகவும், எழுத்தராகவும் தமிழர் திரளாக வந்து குடியேறினர். அல்சூர், சிவாஜி நகர், காக்ஸ் டவுன் முதலிய பகுதிகளில் தமிழ் ஒலி தழைத்தது. 1949-ஆம் ஆண்டு தண்டுப் பகுதியும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, கைக்கடிகாரத் தொழிற்சாலை, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக எழுந்த பெருந்தொழிலகங்கள் மேலும் பல்லாயிரம் குடும்பங்களை ஈர்த்தன. தொழிலகக் குடியிருப்புகளில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழலாயினர்.

அத்தகைய குடியிருப்பொன்றில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்செழுந்தால் ஓர் இக்கட்டும் உடன் எழும். சென்னைக்கும் மைசூருக்கும் இடையே ஆட்டப் பகை மிகப் பழையது. ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதன்முதல் பந்தயமே இவ்விரண்டுக்கும் இடையே, சேப்பாக்கத்தில், 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் நடந்தது. மைசூர் முதல் ஆட்டத்தில் 48 ஓட்டமும் இரண்டாம் ஆட்டத்தில் 59 ஓட்டமும் எடுத்தது. சென்னையோ 130 ஓட்டம் எடுத்து, மறுமுறை மட்டை பிடிக்காமலே வென்றுவிட்டது. ஏ. ஜி. ராம்சிங் இரண்டு ஆட்டங்களிலுமாகப் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பல நாள் நடைபெற வேண்டிய பந்தயம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று.

அன்றுமுதல் தென்மண்டலத்தில் இவ்விரு அணிகளும் பலமுறை மோதின. பெங்களூர்த் தமிழ் இல்லங்களில் தந்தை சென்னைக்காக மன்றாடுவார். மைந்தனோ, தன்னுடன் பள்ளியில் பயிலும் தோழர்கள் பொருட்டு, மைசூருக்காகக் கைதட்டுவான். ஒரே கூரையின்கீழ் இரண்டு கட்சிகள். அதனை வெறும் விளையாட்டு என்று சிரித்து ஒதுக்குவது எளிது. ஆயினும், பிறந்த மண்ணுக்கும் பிழைக்க வந்த மண்ணுக்கும் இடையே குடிபெயர்ந்தோர் உள்ளத்தில் நிகழும் இழுபறியே அவ்வடிவில் வெளிப்பட்டது என்பதை மறுக்க இயலாது.

தோல்விப் படிகள்

இனி, அப்பதினேழு தோல்விகளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

1959-ஆம் ஆண்டு டி. கே. கெய்க்வாட் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி ஐந்து பந்தயங்களிலும் தோற்றது. 1962-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளிலும் அவ்வாறே ஐந்துக்கு ஐந்து. அப்பயணத்தில் தோல்வியினும் கொடியது ஒன்று நேர்ந்தது. மார்ச் 17-ஆம் நாள் பார்படோசு அணியுடன் ஆடியபோது, சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித் தலைவர் நாரி கான்டிராக்டரின் தலையைத் தாக்கிற்று. அவர் உயிருக்கே இடர் வந்தது. எதிரணித் தலைவரான ஃபிராங்க் வோரல் தம் குருதியை அளித்த பெருந்தகைமையை உலகம் மறவாது. கான்டிராக்டர் உயிர் பிழைத்தார். ஆயினும் மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை. இருபத்தொரு வயதே நிரம்பிய பட்டோடி நவாப் மன்சூர் அலி கான் தலைமையை ஏற்றார். அவர் அதற்கு முந்திய ஆண்டுதான் மோட்டார் விபத்தொன்றில் வலக்கண் பார்வையை இழந்தவர். ஒரு கண்ணைக் கொண்டே வேகப்பந்தை எதிர்கொண்டவர் அவர்.

1967-ஆம் ஆண்டு கோடையில் அவர் தலைமையில் அணி மீண்டும் இங்கிலாந்து சென்றது. லீட்ஸ் நகரில் இங்கிலாந்து 4 விக்கெட் இழப்புக்கு 550 ஓட்டம் குவித்தது. இந்தியா 164-இல் சுருண்டு, மறுமுறை ஆடியபோது 510 எடுத்தது. பட்டோடி மட்டும் 148. அத்துணைப் போராட்டத்துக்குப் பின்னும் ஆறு விக்கெட் வேறுபாட்டில் தோல்வியே. லார்ட்ஸில் ஓர் இன்னிங்ஸும் 124 ஓட்டமும். பர்மிங்காமில் 132 ஓட்டம். ஆக மூன்றுக்கு மூன்று.

உள்நாட்டில் இதே அணி அத்துணை எளியதன்று. 1962-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கல்கத்தாவிலும் சென்னையிலும் இங்கிலாந்தையே வென்று தொடரைக் கைப்பற்றியிருந்தது. ஆகவே, "வீட்டில் புலி, வெளியில் எலி" என்ற பழமொழி கடைத்தெருவிலும் ஆலை வாயிலிலும் எள்ளலாக வழங்கிற்று. ஆயினும் அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. நம் ஆடுகளங்கள் உலர்ந்தவை, வேகம் குறைந்தவை. நம்மிடம் நல்ல வேகப்பந்து வீச்சாளர் மிகக் குறைவு. எனவே நம் மட்டையாளர்க்கு அவ்வகைப் பந்தைச் சந்தித்துப் பழகும் வாய்ப்பும் குறைவு. பசும்புல் படர்ந்த ஆடுகளத்தில், மேகம் மூடிய வானத்தின்கீழ், காற்றில் வளைந்து வரும் பந்து அவர்களுக்குப் புதிராகவே இருந்தது.

பட்டோடி இதற்கு ஒரு மாற்று வழியை எண்ணினார். இரண்டாந்தர வேகப்பந்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டாரைப் போலியாகப் பின்பற்றுவதைவிட, முதல்தரமான சுழற்பந்தையே படைக்கலமாகக் கொள்வது மேல் என்பது அவர் முடிவு. பர்மிங்காம் பந்தயத்தில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வேங்கடராகவன் ஆகிய நால்வரையும் ஒருசேர இறக்கினார். அந்நால்வரும் ஒன்றாக ஆடிய டெஸ்ட் அது ஒன்றே. பந்தயம் தோற்றது, ஆனால் கருத்து தோற்கவில்லை என்பதைப் பின்னர் வந்த ஆண்டு காட்டிற்று.

இரு பொறியாளர்

அந்நால்வருள் இருவர், நம் குடியிருப்புகளின் வாதங்களுக்கு நடுநாயகமாக விளங்கியவர்கள். எரபள்ளி பிரசன்னா 1940-ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தவர். வேங்கடராகவன் 1945-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். இருவரும் வலக்கையால் ஆஃப் சுழல் வீசுபவர்கள். இருவரும் பொறியியல் பயின்றவர்கள். ஒருவர் கற்றது மைசூரில். மற்றவர் கற்றது கிண்டியில். அணியிலோ பெரும்பாலும் அவ்வகை வீச்சாளர் ஒருவருக்கே இடம். ஒருவர் உள்ளே சென்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இதனினும் கூர்மையான போட்டியை விதியே வகுத்திருக்க முடியாது.

பிரசன்னாவின் வாழ்வு தனிச் சிறப்புடையது. 1962-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடிய அவர், அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு டெஸ்ட் ஆடினார். பின்னர்ப் பொறியியல் கல்வியை முடிப்பதற்காக ஆட்டத்தை ஒதுக்கி வைத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1967 ஜனவரியில், அதே சென்னை மண்ணில் மீண்டும் இந்தியாவுக்காகப் பந்தெடுத்தார். மக்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, படிப்பா விளையாட்டா என்று நாள்தோறும் வாதாடும் நம் குடியிருப்புத் தாய் தந்தையர்க்கு இவர் வரலாறு இருபுறமும் பயன்பட்டது. "பார், படிப்பை முடித்துவிட்டுத்தான் ஆடப் போனார்" என்று தந்தை கூறலாம்; "பாருங்கள், படித்த பிறகும் ஆட்டத்தை விடவில்லை" என்று மைந்தன் விடையிறுக்கலாம்.

வேங்கடராகவனோ 1965-ஆம் ஆண்டு தில்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 72 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்திப் புகழ் பெற்றவர். ஆயினும் 1967 டிசம்பர் முதல் 1968 மார்ச் வரை நடந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணத்தின் எட்டு டெஸ்டுகளில் ஒன்றிலும் அவர் ஆடவில்லை. ஆடியவர் பிரசன்னா. சென்னைக் கட்சியினரான நம் பெரியோர்க்கு அது மனக்குறையே. அணி தோற்றுக்கொண்டே வருகிறது. நம் ஊர்ப் பிள்ளையும் அதில் இல்லை. இந்நிலையில் அவ்வணியைப் பின்தொடர வேண்டிய கட்டாயம்தான் என்ன?

சிற்றலையில் வந்த குரல்

ஆயினும் பின்தொடர்ந்தார்கள். அதற்குத் துணையாக இருந்தது வானொலிப் பெட்டி. அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்று வைத்திருந்த பெட்டி அது. பெரும்பாலான இல்லங்களில் இருந்தவை வால்வு வானொலிகள். திருகியவுடன் பேசாது; வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் கட்டிய ஏரியல் கம்பி காற்றில் ஆடினால் குரலும் உடன் ஆடும். நம் ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1961-ஆம் ஆண்டிலேயே வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியிருந்தது. 1964-ஆம் ஆண்டு முதல் அகில இந்திய வானொலிக்கு ஒலிபரப்புக் கருவிகளையும் செய்து தந்தது. ஆகவே உலகின் மறுகோடியிலிருந்து வந்த குரலைக் கேட்பதற்கு வழிசெய்த கைகளுள் நம் அண்டை வீட்டார் கைகளும் இருந்தன என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நிறைகிறது.

ஆஸ்திரேலிய வானொலியின் சிற்றலை ஒலிபரப்பைத் தேடிப் பிடித்து, இரைச்சலுக்கு நடுவே ஆங்கில வருணனையைக் கேட்பது தனிக் கலை. பிரிஸ்பேன், சிட்னி நகரங்களின் கடிகாரம் அந்நாளில் நம்முடையதைவிட நாலரை மணி நேரம் முந்தி ஓடிற்று. அங்கே முற்பகல் ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலைக் காப்பிக்கு நேரம். ஆலைச் சங்கு ஊதும்வரை கேட்டுவிட்டு ஓடியவர் உண்டு. மிச்சத்தை மதிய உணவு வேளையில் பிறரிடம் விசாரித்து அறிந்தவரும் உண்டு. வானொலி இல்லாதார்க்கு மறுநாட் காலைச் செய்தித்தாள். சென்னையிலிருந்து வந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' ஏட்டின் படங்களை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்த சிறுவரும் பலர்.

ஆஸ்திரேலியாவில் நான்கு

1967 டிசம்பர் 23-ஆம் நாள் அடிலெய்டில் முதல் பந்தயம் தொடங்கிற்று. பட்டோடி தொடைத் தசை நோவினால் ஆட இயலாமற்போகவே, சந்து போர்டே தலைமை தாங்கினார். புதிதாக இறங்கிய அபீத் அலி முதல் ஆட்டத்திலேயே 55 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார். வெற்றிக்கு 398 ஓட்டம் தேவைப்பட்ட இரண்டாம் ஆட்டத்தில் பெங்களூரைச் சேர்ந்த வி. சுப்பிரமணியா 75 ஓட்டம் எடுத்தார். அவருடைய டெஸ்ட் வாழ்வில் அதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை. எனினும் 146 ஓட்ட வேறுபாட்டில் தோல்வி.

மெல்போர்னில் முதல் நாட் காலையில் கிரஹாம் மெக்கென்சியின் வேகத்தில் இந்தியா 25 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்தது. தொடைத் தசை முற்றும் குணமாகாத நிலையில் பட்டோடி களமிறங்கினார். ஒரு கண், சரியாக ஓட முடியாத கால். அந்நிலையில் 75 ஓட்டமும், மறு ஆட்டத்தில் 85 ஓட்டமும் எடுத்தார். வடேகர் 99-இல் ஆட்டமிழந்தார். பிரசன்னா 141 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். தோல்வி ஓர் இன்னிங்ஸும் 4 ஓட்டமும். நம் மற்றொரு பெங்களூர் வீரரான சந்திரசேகர் இப்பந்தயத்துக்குப் பின் அத்தொடரில் ஆடவில்லை.

மூன்றாவது பந்தயம் பிரிஸ்பேனில். பயணத்தின் நடுவே தாயகத்திலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்டவர் ஹைதராபாத்தின் எம். எல். ஜெயசிம்மா. பயணக் களைப்பு நீங்குமுன்பே களமிறங்கி முதல் ஆட்டத்தில் 74 ஓட்டம் எடுத்தார். ஆஸ்திரேலியாவின் இரண்டாம் ஆட்டத்தில் பிரசன்னா 104 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா வெல்வதற்கு 395 ஓட்டம் வேண்டும். எவரும் எதிர்பாரா வகையில் அணி இலக்கை நெருங்கிற்று. சுர்த்தி 64, போர்டே 63, ஜெயசிம்மா 101. ஜனவரி 24-ஆம் நாள், புதன்கிழமை, பெங்களூரில் வானொலியைச் சூழ்ந்து நின்றவர்களின் உள்ளம் எவ்வாறு துடித்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! முடிவில் 355-இல் ஆட்டம் ஓய்ந்தது. முப்பத்தொன்பதே ஓட்டங்களில் தோல்வி. பதினேழு தோல்விகளுள் வெற்றியை மிக அண்மித்து நின்றது இதுவே. எனவே மிகவும் வலித்ததும் இதுவே.

சிட்னியில் நடந்த நான்காவதில் அபீத் அலி 78, 81 என்று இருமுறையும் போராடினார். ஆயினும் 144 ஓட்டத் தோல்வி. இங்கிலாந்தில் மூன்றும் ஆஸ்திரேலியாவில் நான்குமாக எட்டே மாதங்களில் ஏழு தோல்விகள்.

இத்தோல்விகளுக்கு இடையேதான் நம் குடியிருப்புகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் நான்கு பந்தயங்களில் பிரசன்னா வீழ்த்திய விக்கெட்டுகள் இருபத்தைந்து. தோற்கும் அணியில் நின்றுகொண்டு, பந்தைக் காற்றில் மிதக்கவிட்டு, தூக்கியடிக்கும் ஆசையை எதிரிக்கு ஊட்டி, அதே ஆசையால் அவனை வீழ்த்தும் அவர் திறமையைக் கேட்கக் கேட்க, "அவர் சென்னைக்காரர் அல்லர்" என்ற எண்ணம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. வெற்றிக் காலத்தில் ஒரு வீரரைச் சொந்தங் கொண்டாடுவதில் வியப்பில்லை. தோற்றுக்கொண்டிருக்கும்போது அண்டை வீட்டுப் பிள்ளையை "நம் பிரசன்னா" என்று சொல்ல நாவெழுந்ததே, அதுதான் எண்ணத்தக்கது.

டனீடின்

நியூசிலாந்தின் நேரம் அந்நாளில் நம்முடையதைவிட ஆறரை மணி முந்தியிருந்தது. அங்கே காலை பதினொரு மணி எனில் இங்கே விடியற்காலை நாலரை. நாம் உறங்கும்போதே அங்கே ஆட்டம் தொடங்கிவிடும். இங்கே நண்பகல் ஆவதற்குள் அங்கே பொழுது சாய்ந்துவிடும். பெப்ரவரி 15-ஆம் நாள் டனீடினில் முதல் பந்தயம் தொடங்கிற்று. நியூசிலாந்து 350 ஓட்டம் எடுத்தது; கிரஹாம் டௌலிங் மட்டும் 143. இந்தியாவின் பதில் ஆட்டத்தில் வடேகர் 80, எஞ்சினியர் 63. ஆயினும் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இந்தியா 302 ஓட்டமே எடுத்து, 48 ஓட்டம் பின்தங்கியிருந்தது.

எஞ்சியவர்கள் ரமாகாந்த் தேசாயும் பேடியும். இருவரும் பந்து வீச்சாளர்கள்; மட்டையில் தேர்ந்தவர் அல்லர். எகிறி வந்த பந்தொன்று தேசாயின் தாடையெலும்பை முறித்தது. உயரத்தில் மிகச் சிறியவரான அவர் களத்தை விட்டு அகல மறுத்தார். முறிந்த தாடையுடனேயே பேடியுடன் சேர்ந்து 57 ஓட்டம் குவித்தார். பின்தங்கியிருந்த இந்தியா 9 ஓட்டம் முந்திற்று. பந்தயத்தின் போக்கே மாறிற்று. நியூசிலாந்தின் இரண்டாம் ஆட்டத்தில் பிரசன்னா 94 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்த, அவ்வணி 208-இல் அடங்கிற்று. வெற்றிக்கு வேண்டியது 200. வடேகர் மீண்டும் 71 ஓட்டம் எடுத்தார். பெப்ரவரி 20-ஆம் நாள், ஐந்து விக்கெட் இழப்பில், அந்த இலக்கை இந்தியா எட்டிற்று.

1932-ஆம் ஆண்டு லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடியதிலிருந்து அயல்நாடுகளில் இந்தியா ஆடிய பந்தயங்கள் அதுவரை நாற்பத்து மூன்று. அவற்றுள் ஒன்றிலும் வென்றதில்லை. நாற்பத்து நான்காவதில், முப்பத்தாறாவது ஆண்டில், அந்தத் தவம் பலித்தது.

அடுத்த பந்தயத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரில் டௌலிங் 239 ஓட்டம் குவிக்க, நியூசிலாந்து ஆறு விக்கெட்டில் வென்றது. பழைய கதை திரும்பிற்றோ என்று அஞ்சியவர் உண்டு. ஆனால் வெல்லிங்டனில் வடேகர் 143 ஓட்டம் எடுத்தார். அவருடைய ஒரே டெஸ்ட் சதம் அது. பிரசன்னா 32 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டும், மறு ஆட்டத்தில் நட்கர்னி 43 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டும் எடுத்தனர். எட்டு விக்கெட்டில் வெற்றி. ஆக்லாந்தில் சுர்த்தி 99 ஓட்டம் எடுக்க, 272 ஓட்ட வேறுபாட்டில் மற்றும் ஒரு வெற்றி. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அயல்நாட்டில் முதன்முதலாக ஒரு தொடரையே இந்தியா வென்றது. நியூசிலாந்தில் பிரசன்னா எடுத்த விக்கெட்டுகள் இருபத்து நான்கு. ஆஸ்திரேலியாவில் எடுத்தவற்றையும் கூட்டினால் எட்டு டெஸ்டுகளில் நாற்பத்தொன்பது.

பின்விளைவுகள்

நியூசிலாந்து அன்று வலிமை மிக்க அணியன்று என்று கூறுவோர் உளர். அது உண்மையே. ஆயினும் வெளிநாட்டில் வெல்லலாம் என்ற நம்பிக்கைக்கு எங்கேனும் ஓரிடத்தில் கால்கோள் நடந்தாக வேண்டும். அது டனீடினில் நடந்தது. மூன்றே ஆண்டுகளில், 1971-இல், வடேகரின் தலைமையில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவரவர் மண்ணிலேயே வென்றது. மேற்கிந்தியத் தீவுகளில் அணியின் துணைத் தலைவராக இருந்து இருபத்திரண்டு விக்கெட் எடுத்தவர் வேங்கடராகவன். இலண்டன் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தி வெற்றிக்கு வழிகோலியவர், இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த கையையே படைக்கலமாக்கிய நம் பெங்களூர்ச் சந்திரசேகர். அப்போது சென்னைக் கட்சியும் பெங்களூர்க் கட்சியும் ஒரே தெருவில் ஒன்றாக மகிழ்ந்தன.

பட்டோடி தம் அணியினரிடம் வற்புறுத்தியதும் இதுவே. தில்லிக்காரர், பம்பாய்க்காரர், சென்னைக்காரர் என்ற எண்ணத்தை விடுத்து, முதலில் இந்தியர் என்று எண்ணக் கற்பித்த தலைவர் அவரே என்று பேடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஆடுகளத்தில் வீரர்கள் கற்ற பாடத்தை, வானொலியின் அருகே அமர்ந்து நம் குடும்பங்களும் கற்றன.

அதன் பொருட்டுப் பிறந்த மண்ணை மறந்தோம் என்பதன்று. மைசூரும் சென்னையும் மோதும்போது பெரியோர் பலர் சென்னையையே விரும்பினர். 1974-ஆம் ஆண்டு, பிரசன்னாவின் தலைமையில் கர்நாடகம் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது பெங்களூர் முழுதும் விழாக்கோலம் பூண்டது. அவ்விழாவைத் தம் விழாவாகக் கொண்டாடிய தமிழ்ப் பிள்ளைகளை, அவர்களுடைய தந்தையர் கடிந்துகொள்ளவில்லை. ஒருவனுக்குத் தாய் ஊர் ஒன்றும் வாழும் ஊர் ஒன்றும் இருக்கலாம். ஒன்றை நேசிக்க மற்றொன்றை வெறுக்க வேண்டியதில்லை என்பது அதற்குள் நன்கு விளங்கியிருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் நம் நகரின் முதல் டெஸ்ட் பந்தயம், இப்போது சின்னசாமி அரங்கம் என்று வழங்கும் மைதானத்தில், தொடங்கிற்று. எதிரணி மேற்கிந்தியத் தீவுகள். இந்திய அணித் தலைவர் பட்டோடி. அவருடன் களமிறங்கியோருள் பிரசன்னா, சந்திரசேகர், வேங்கடராகவன் ஆகிய மூவரும் இருந்தனர். ஒருவர் உள்ளே சென்றால் மற்றவர் வெளியே என்றிருந்த இரு பொறியாளரும் நம் ஊரிலேயே ஓரணியில் நின்று பந்து வீசினர். யாரை ஆதரிப்பது என்ற கேள்வி எழவே இல்லை.

அப்பந்தயத்தில் இந்தியா 267 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. ஆனால் பதினேழு தோல்விகளைப் பின்தொடர்ந்து பழகிய நம் பெரியோர்க்கு அது பெரிதாகத் தோன்றியிராது. தோல்வி ஓர் அணியை அன்பரிடமிருந்து பிரிப்பதில்லை. உண்மையில் பிணைப்பதே தோல்விதான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று பன்னாட்டு வெற்றிகளை வீட்டுக்குள்ளேயே வண்ணத்திரையில் காணும் நம் இளையோர், இரைச்சலுக்கு நடுவே மெல்லிதாக வந்த அக்குரலுக்காகக் காத்திருந்த தலைமுறையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. வந்து குடியேறிய ஊரில் நமக்கு வேர் விட்டது எவ்வாறு என்ற வரலாற்றில், அத்தலைமுறையின் பொறுமைக்கும் ஓர் இடம் உண்டு.